ஓய்வு பெற்ற மோப்ப நாய்க்கு மருத்துவம் பார்ப்பது எப்படி: நெல்லைப் பக்கத்து வீடுகளுக்கான முழு வழிகாட்டி

காவல்துறையிலோ ராணுவத்திலோ பணி முடித்த நாயை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் ஒரு நல்ல பெல்ட்டும் ஒரு மூட்டைத் தீவனமும் வாங்குகிறார்கள். கால்நடை மருத்துவரிடம் வருவது நாய் சாப்பிடாமல் படுத்த பிறகுதான். பாளையங்கோட்டையில் என்னிடம் வரும் ஓய்வு பெற்ற நாய்களில் பல இப்படித் தாமதமாக வந்தவை. இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் சிக்கல் குறையும்.

காரணம் ஒன்றுதான். வேலை நாய் வலியைக் காட்டாது. கட்டளை வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்று குட்டியிலிருந்தே பழகியது அது. இடுப்பு தேய்ந்திருந்தாலும் 'ஹீல்' என்றால் கூடவே நடக்கும். ஆகவே நாய் நன்றாக இருக்கும்போதே அதன் எடை, ரத்தம், நடை, மூச்சு எல்லாவற்றையும் அளந்து எழுதி வைக்க வேண்டும். பிறகு ஏற்படும் மாற்றத்தை அந்தக் குறிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கீழே உள்ள படிகள் அந்த நோக்கத்தில் வரிசைப்படுத்தியவை.

1. நாய்க்கு முன்னால் காகிதம் வரட்டும்

வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே நான்கு காகிதங்களைக் கையில் வாங்குங்கள்: தடுப்பூசி அட்டை, பிரிவில் வைத்திருந்த மருத்துவப் பதிவேட்டின் நகல், எடுத்திருந்தால் எக்ஸ்ரே படங்கள், நாயை உங்களிடம் ஒப்படைத்த உத்தரவு.

உத்தரவு எதற்கு என்று பலர் கேட்பார்கள். அறுவை சிகிச்சைக்கும் மயக்க மருந்துக்கும் உரிமையாளர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நாய் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் அவசர நேரத்தில் குழம்பக் கூடாது. ஒப்படைப்பு நிபந்தனைகள் படைக்குப் படை மாறும் என்பதால் அதையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

பதிவேட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்ததா, வந்திருந்தால் எந்த மருந்து எத்தனை நாள் கொடுத்தார்கள்? ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனதா? கருத்தடை ஆகியிருக்கிறதா? "காய்ச்சல் வந்துச்சு, சரியாப் போச்சு" என்ற பதில் போதாது. மருந்தின் பெயர் தெரிந்தால்தான், நோய் திரும்பி வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

நாய் என்ன வேலை பார்த்தது என்பதும் மருத்துவத் தகவல்தான். குற்றவாளியின் தடம் பிடித்த நாய்க்கு முதுகும் பாதமும் அதிகம் தேய்ந்திருக்கும். வெடிகுண்டுப் பிரிவு நாய் வருடக்கணக்கில் ஜீப்பிலிருந்து குதித்துக் குதித்து முன்கால் மூட்டைக் கெடுத்திருக்கும். கடிக்கப் பழக்கிய நாய்க்குப் பல்லும் கழுத்தும். மருத்துவர் கையை எங்கே முதலில் வைக்க வேண்டும் என்று இது சொல்லிவிடும்.

2. ஹேண்ட்லருடன் அரை நாள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து தாண்டாதீர்கள்.

ஹேண்ட்லர் என்பவர் அந்த நாயோடு வேலை பார்த்த காவலர். அவருக்குத் தெரிந்த பலவும் பதிவேட்டில் இருக்காது. கேட்டால் சொல்வார்கள். "ஏட்டையா, எங்க தொட்டா இவனுக்குப் பிடிக்காது?" என்று கேளுங்கள். "இடது காதை மட்டும் சட்டுன்னு தொட்டுராதிய. முந்தி அதுல சீழ் வச்சிருந்துச்சு" என்பதுபோல ஒரு பதில் வரும். அது மருத்துவரின் கையைக் காப்பாற்றும்.

கட்டளைகளை அவர் குரலிலேயே ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள். உட்கார, படுக்க, நிற்க, வாயில் இருப்பதை விட, சாப்பிடத் தொடங்க என்று எல்லாவற்றுக்கும். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். அந்நியர் கையால் உணவு வாங்காதபடி பழக்கிய நாய்கள் உண்டு. தட்டு நிறையச் சோறு வைத்தும் நாய் தொடவில்லை என்று பதறி ஓடிவருவார்கள். நாய்க்கு ஒன்றும் இராது. அனுமதிச் சொல்லுக்காகக் காத்திருந்திருக்கும்.

வாய்க்கூடு மாட்டிப் பழக்கம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதே வாய்க்கூட்டைக் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் முதல் மருத்துவப் பரிசோதனைக்கு ஹேண்ட்லரையும் அழைத்து வாருங்கள். அவர் பக்கத்தில் நின்றால், மயக்க ஊசி இல்லாமலே எக்ஸ்ரேக்குப் படுக்கும் நாய்கள் இருக்கின்றன.

3. எந்த மருத்துவரிடம், எந்த நேரத்தில்

மூன்று இடங்களை முன்கூட்டியே முடிவு செய்து சுவரில் ஒட்டிவையுங்கள்.

முதலாவது, பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவர். தடுப்பூசி, ரத்தம் எடுப்பது, வயிற்றுப்போக்கு, காது எல்லாவற்றுக்கும் இவர் போதும். ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது நல்லது, சிறிய மாற்றமும் அவர் கண்ணில் படும்.

இரண்டாவது, பெரிய இடம். நம் பக்கத்துக்கு அது ராமையன்பட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி. எக்ஸ்ரே, ஸ்கேன், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு அங்கே போகலாம். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டத்தில் நாயை வெயிலில் நிறுத்திவைக்க நேராது.

மூன்றாவது, இரவில் ஃபோன் எடுக்கும் மருத்துவர். இவரைத்தான் யாரும் தேடி வைப்பதில்லை. அம்பாசமுத்திரம், ராதாபுரம், தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு நெல்லை வரவே ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். இரவு பதினொரு மணிக்கு எண்ணைத் தேடத் தொடங்கினால் அந்த நேரமும் இதில் சேரும். 1962 என்ற எண்ணில் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஆனால் அது முக்கியமாக விவசாயிகளின் மாடு ஆடுகளுக்கானது. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

4. முதல் பத்து நாளில் எதையும் மாற்றாதீர்கள்

வந்த அன்றே புதுத் தீவனம், குளியல், தடுப்பூசி, வீட்டு நாயோடு அறிமுகம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தால், பிறகு வாந்தி எடுக்கும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய உணவையே, பழைய நேரத்திலேயே கொடுங்கள். அதன் பிறகு மாற்ற வேண்டுமென்றால் ஏழு முதல் பத்து நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால், உண்ணி பார்த்து, மலப் பரிசோதனை முடியும்வரை தனியாக வையுங்கள்.

ஹேண்ட்லரைப் பிரிந்த நாய் ஓரிரு வேளை சரியாகச் சாப்பிடாது. அனுமதிச் சொல்லும் சொல்லி, பழைய உணவும் வைத்து, இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடவில்லை என்றால் ஏக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் அன்றே.

5. முதல் பரிசோதனை: அடிப்படை அளவுகள்

நாய் நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனை இது. "நல்லாத்தானே இருக்கான், எதுக்கு டாக்டர் ரத்தம்?" என்று கேட்பார்கள். நன்றாக இருக்கும்போது கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு என்று தெரிந்தால்தான், ஆறு மாதம் கழித்து அது ஏறியிருப்பதைக் கவனிக்க முடியும். ஆய்வகத் தாளில் 'இயல்பு' என்ற எல்லைக்குள் இருந்துகொண்டே சிறுநீரகம் மோசமாகிக்கொண்டு போகலாம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை: முந்தின நாள் இரவிலிருந்து எட்டுப் பத்து மணி நேரம் உணவு இல்லை, தண்ணீர் மட்டும். காலைச் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்துக்கொள்ளுங்கள். வாய்க்கூட்டை வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். இது வேலை நாய், கடிக்கப் பழக்கியதா இல்லையா என்று ஃபோனில் முன்பே சொல்லிவிடுங்கள். மருத்துவமனை வாசலில் சொன்னால், உள்ளே இருக்கும் பூனையையும் பாட்டியம்மாவின் பொமரேனியனையும் நகர்த்த நேரம் இருக்காது.

கேட்டு எடுக்க வேண்டியவை: முழு ரத்த எண்ணிக்கை, அதில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவுபவை) கட்டாயம். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பூச்சும் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்ப்பது), கிடைத்தால் ஆன்டிபாடி கிட்டும். சிறுநீரின் அடர்த்தி. இடுப்புக்கும் கீழ் முதுகுக்கும் எக்ஸ்ரே. வயிற்று ஸ்கேன், ஏனென்றால் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடோருக்கும் வயதானால் மண்ணீரலில் கட்டி வருவதுண்டு. அது உடைந்து ரத்தம் கசிந்த பிறகுதான் வெளியே தெரியும்.

டாபர்மேன் என்றால் இன்னும் இரண்டு: இதயத்துக்கு எக்கோ, ஏதாவது அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் உறையும் சோதனை. இந்த இனத்தில் இதயத்தசை தளர்வதும் ரத்தம் உறையாக் குறையும் பரம்பரையாக வருபவை.

வீட்டில் நீங்கள் அளக்க வேண்டியவையும் உண்டு. தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். தொடர்ந்து 30க்கு மேல் போனால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. மூக்கு ஈரமா வறட்சியா என்பதை வைத்துக் காய்ச்சல் பார்க்க முடியாது, தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

6. சொல்லாத வலியைப் பார்ப்பது

இந்த நாய்கள் கத்தாது. நொண்டுவதும் கடைசியில்தான். அதற்கு முன்னால் வரும் அடையாளங்களைப் பாருங்கள்.

படுத்து எழும்போது முன்காலால் உடம்பை இழுத்து எழுகிறதா? உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறதா? சிமெண்ட் ரோட்டில் நடக்கும்போது பின்கால் நகம் உரசும் சத்தம் கேட்கிறதா, நடு இரண்டு நகமும் மேல்பக்கம் தேய்ந்திருக்கிறதா? மலம் கழிக்கும்போது நின்ற இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே போகிறதா? ஒரே மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா? இரவில் இடம் மாறி மாறிப் படுக்கிறதா? தொடைச் சதையை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மெலிந்திருக்கிறதா?

மருத்துவமனையில் இவை எதுவும் தெரியாது. புது இடத்தில் நாய் விறைப்பாக, வேலைக்கு நிற்பதுபோல நிற்கும். ஆகவே மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் அரை நிமிடம் நடக்கவிட்டு வீடியோ எடுங்கள். மூன்று மாத வீடியோக்களை அடுத்தடுத்துப் பார்த்தால், நான் கையால் தொட்டுக் கண்டுபிடிப்பதைவிட அதிகம் தெரியும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். வெடிமருந்தைக் கண்டால் உட்காரும்படி பழக்கிய நாய், தீபாவளி நேரத்தில் பட்டாசுக் கடைப் பக்கம் போனால் பொத்தென்று உட்கார்ந்துவிடும். இடுப்பு வலி என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். வேலைக்காக உட்காரும் நாய் நேராக உட்கார்ந்து, அந்த இடத்தையோ உங்களையோ உற்றுப் பார்க்கும். வலிக்காக உட்காரும் நாய் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முதலாவதற்கு மருந்து வேண்டாம். பாராட்டி, பந்தைக் கொடுத்து அழைத்துப் போங்கள்.

7. மூட்டும் இடுப்பும்: மருந்துக்கு முன்னால் எடை, தரை

வரிசை முக்கியம். முதலில் எடை, அடுத்து தரை, அடுத்து நடை, அதன் பிறகே மாத்திரை. எடை குறையாத நாய்க்கு மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகும்.

பணியில் இருந்தபோது சாப்பிட்ட அளவை ஓய்விலும் கொடுப்பதுதான் எடை கூடக் காரணம். 30 கிலோ நாய்க்கு வெறுமனே படுத்திருக்கவே சுமார் 900 கலோரி வேண்டும். கொஞ்சம் நடக்கும் வயதான நாய்க்கு 1,100 முதல் 1,250 வரை போதும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் லேசாகத் தடவினால் தட்டுப்படும் நிலையே சரி. லாப்ரடோர்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்றில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 2 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டு வாதமும் தாமதமாகவே வந்தது.

நம் ஊர்ப் பாசம் சாப்பாட்டில்தான் வெளிப்படும். தெரிந்தவர் வந்தால் பரோட்டாவும் சால்னாவும், விசேஷம் என்றால் அல்வா. சால்னாவில் வெங்காயம், எண்ணெய். அல்வாவில் நெய், சர்க்கரை. வெங்காயம் சிவப்பணுவை உடைக்கும், கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும். வேக வைத்த கோழி எலும்பு பிளந்து குடலைக் குத்தும். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், சாளை மீனை உப்பு புளி இல்லாமல் அவித்து முள் எடுத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். அதன் கொழுப்பு மூட்டுக்கும் நல்லது. அந்தக் கலோரியைத் தட்டிலிருந்து கழித்துவிடுங்கள்.

அப்புறம் தரை. டைல்ஸிலும் கிரானைட்டிலும் வயதான நாய் ஒவ்வொரு அடியும் வழுக்கியே நடக்கும், அதிலேயே தொடைச் சதை சோர்ந்துபோகும். படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை ரப்பர் மேட்டோ கயிற்று மிதியடியோ போடுங்கள். பாய் விரிக்காதீர்கள், பாயோடு சேர்ந்து வழுக்கும். சிமெண்டில் படுத்துப் பழகிய நாய்க்கு முழங்கையில் காய்ப்பு இருக்கும். தடிமனான மெத்தை இல்லாவிட்டால் அது வெடித்துப் புண்ணாகும்.

நடையை ஒரே தடவையில் நீளமாக வைக்காமல், பத்துப் பதினைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பந்தை உயரே எறிந்து பிடிக்க வைப்பதை அடியோடு நிறுத்துங்கள். பந்துதான் அதன் சம்பளம் என்பதால், கால் முறியும்வரை ஓடும். அதற்குப் பதில் பந்தைத் தோட்டத்தில் ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்கச் சொல்லுங்கள். மூட்டுக்கு வேலை இல்லாமலே மனது நிறைந்துவிடும்.

மாத்திரைக்கு வருவோம். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை தொடங்குமுன் சிறுநீரகம், கல்லீரல் பார்த்திருக்க வேண்டும். தொடங்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. உணவுக்குப் பின் கொடுங்கள். வாந்தி, கறுப்பு மலம் என்றால் உடனே நிறுத்திவிட்டு ஃபோன் செய்யுங்கள். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, இரைப்பையில் ஓட்டை விழும். வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் பார்க்கும் இரைப்பைப் புண்களில் பல இப்படி வந்தவை.

ஷெப்பர்டின் பின்கால் இழுபடுவதெல்லாம் இடுப்புத் தேய்மானம் என்று நினைக்க வேண்டாம். கீழ் முதுகில் நரம்பு நெருக்கப்பட்டால் வலி இருக்கும், வாலைத் தூக்க யோசிக்கும். தண்டுவடம் மெல்லச் சிதையும் நோயில் வலியே இராது, கால் மட்டும் குறுக்கே விழும். வைத்தியம் வேறு வேறு. வலி மாத்திரை முதலாவதற்கு உதவும், இரண்டாவதற்கு உதவாது.

8. உண்ணிக் காய்ச்சல்

நெல்லைச் சீமையில் ஓய்வு பெற்ற நாய்க்கு வரும் ஆபத்துகளில் இதைத்தான் முதலில் சொல்வேன். பிரிவில் கொட்டிலைக் கழுவி, மருந்தடித்து, தினமும் வாரிவிட ஆள் இருந்திருக்கும். வீட்டில் பக்கத்திலேயே மாட்டுத்தொழுவமும் தெருநாயும் இருக்கும்.

எர்லிக்கியா, பபீசியா என்ற கிருமிகள் இரண்டும் உண்ணிக் கடியால் வருபவை. சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே ரத்தம் பாருங்கள். தட்டணு குறைந்திருப்பதுதான் பல நேரம் முதல் தடயம்.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், பொதுவாக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில், 28 நாள். நான்காம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதோடு நிறுத்துபவர்கள்தான் மூன்று மாதம் கழித்து இன்னும் மோசமான ரத்தத்தோடு வருகிறார்கள். மாத்திரையை உணவோடு கொடுங்கள், வெறும் வயிற்றில் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். பாலோடு கொடுக்க வேண்டாம், மருந்து உடம்பில் சரியாகச் சேராது. பபீசியாவுக்கு இந்த மருந்து மட்டும் போதாது. அதிலும் இரண்டு வகைக்கு இரண்டு வைத்தியம். எது என்று பார்க்காமல் ஊசி போடச் சொல்லாதீர்கள்.

தடுப்பு: மருத்துவர் எழுதித் தரும் மாத மாத்திரையோ மூன்று மாத மாத்திரையோ ஆண்டு முழுக்க. வலிப்பு வந்த வரலாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள், இந்த வகை மாத்திரைகள் சிலவற்றுக்கு அது ஆகாது. உண்ணி நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். மீதி சுவர் வெடிப்பிலும், கட்டில் காலிலும், தொழுவத்துக் கூரையிலும் இருக்கும். அங்கேயும் மருந்து அடிக்க வேண்டும், நாயை வெளியே கட்டிவிட்டு.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் கொஞ்சம் போடும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. ஷெப்பர்டுகளில் ஒரு பகுதிக்கு இந்த மருந்து மூளைக்குள் போய்விடும் பிறவிக் குறை உண்டு. தள்ளாடி, கண் தெரியாமல், கோமாவில் விழும். அண்ணாச்சி வீட்டு மாட்டுக்குப் போட்ட மிச்சம் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

9. வெயில், வெள்ளம், பாம்பு

பங்குனியில் இருந்து ஆனி வரை நடை காலை ஆறரைக்குள், மாலை இருட்டத் தொடங்கியதும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது. வீட்டு நாய் களைத்தால் நிழலில் படுத்துவிடும். வேலை நாய் நீங்கள் நிறுத்தும்வரை நிற்காது, ஆகவே நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

கெட்டியான எச்சில், செங்கல் நிற ஈறு, தள்ளாட்டம் வந்தால் முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் வண்டி ஏற்றுங்கள். குழாயடியில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி மின்விசிறி போடுங்கள். ஈரத்துணியால் மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். வாயில் தண்ணீரைத் திணிக்காதீர்கள். 103 டிகிரிக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும், சிறுநீரகமும் ரத்தம் உறைவதும் அடுத்த நாளில்தான் கெடும்.

ஐப்பசியில் இருந்து மார்கழி வரை வேறு கவலை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரை ஊர்கள் பல துண்டிக்கப்பட்டன. தொடர் மருந்து சாப்பிடும் நாய்க்கு இரண்டு வார இருப்பு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். தேங்கிய நீரில் எலிச் சிறுநீர் கலந்து எலிக்காய்ச்சல் வரும். ஆண்டுத் தடுப்பூசியில் அதற்கான பகுதியும் இருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள்.

மோப்ப நாய் புதருக்குள் மூக்கை விடும். வயலோரம் கண்ணாடி விரியன் கடித்தால் மூக்கோ காலோ வேகமாக வீங்கும், கடிவாயில் ரத்தம் நிற்காது. கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று ஃபோனில் கேட்டபடியே கிளம்புங்கள்.

10. வயிறு முறுக்குவது

ஷெப்பர்ட், டாபர்மேன் போன்ற ஆழ்ந்த நெஞ்சு நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதித் திரும்பிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. வயிறு ஊதும். நிலைகொள்ளாமல் நடக்கும். சோடா, ஓமத்தண்ணீர் எதுவும் கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு நேராகப் போங்கள். காலை வரை காத்திருந்தால் நாய் இருக்காது.

தடுக்க: நாள் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். வேறு காரணத்துக்காக வயிற்றைத் திறக்க நேர்ந்தால், இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்க முடியுமா என்று கேளுங்கள்.

11. மற்றவை, சுருக்கமாக

பல்: கொட்டில் கம்பியைக் கடித்துக் கோரைப்பல்லின் பின்பக்கம் தேய்ந்திருக்கும். நடுவில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் பல்லின் உள்ளே இருக்கும் நரம்புப் பகுதி திறந்திருக்கலாம், காட்டுங்கள்.

கருத்தடை ஆகாத பெட்டை: தீட்டு வந்த ஓரிரு மாதத்தில் அதிகம் தண்ணீர் குடித்து, சாப்பிடாமல் படுத்தால் கருப்பையில் சீழ். அவசரம். ஆண்: மலம் கழிக்க முக்கினால் புராஸ்டேட் பாருங்கள்.

காது கேட்பது குறையும். பின்னாலிருந்து தொடாதீர்கள், தரையைத் தட்டி அழையுங்கள். குவாரி வெடிச் சத்தத்துக்கும் கோயில் கொடை வேட்டுக்கும் முன்பு அசையாத நாய் இப்போது நடுங்கினால் அதற்கும் மருந்து உண்டு. வேட்டு போடும் நாளுக்கு முன்பே வந்து வாங்குங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும். அப்படியும் நாய் யாரையாவது கடித்தால் காயத்தைப் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். "போலீஸ் நாய், ஊசி போட்டது" என்று விட்டுவிடக் கூடாது.

12. செலவு, நோட்டு, நீங்கள் ஊரில் இல்லாத நாள்

ஓய்வுக்குப் பிறகு மருத்துவச் செலவு யாருடையது என்று ஒப்படைப்பு உத்தரவிலேயே பாருங்கள். உங்களுடையது என்றால், மாதம் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய செலவு வருவது ஸ்கேனிலும் அவசர அறுவையிலும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் எடையும், ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரேயும் ஸ்கேனும் என்று நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நோட்டு. எடை, மருந்து, தேதி, சாப்பிட்ட அளவு. ஒவ்வொரு மாதமும் ஒரு கேள்விக்கு விடை எழுதுங்கள்: சாப்பிடுவது, எழுந்து வெளியே போவது, பந்தைத் தேடுவது, உங்களைப் பார்த்ததும் வருவது இவற்றில் எதெல்லாம் இன்னும் செய்கிறது? வலி மருந்து முழு அளவில் கொடுத்தும் பெரும்பாலானவை நின்றுபோனால், அமைதியாக விடைகொடுப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம் அது. அந்தப் பேச்சில் ஹேண்ட்லரும் இருக்கட்டும். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால், பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பக்கத் தாள் எழுதிக் கொடுங்கள்: மருந்தும் நேரமும், சாப்பிடச் சொல்லும் சொல், வாய்க்கூடு இருக்கும் இடம், மூன்று மருத்துவர்களின் எண். அதே தாளின் நகலை உங்கள் மருத்துவரிடமும் கொடுத்து, ஃபோன் எடுக்க முடியாத நேரத்தில் எவ்வளவு தொகை வரை உங்களைக் கேட்காமலே சிகிச்சை தொடங்கலாம், அறுவைக்கு உங்களுக்குப் பதில் யார் கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.